மருவைக் கரைக்க வீட்டில் எது நல்ல வழி?

நான்கு மாதங்களுக்கு முன் என் மகனின் வலக்கை ஆள்காட்டி விரலில், பென்சில் அழுந்தும் இடத்தில், ஒரு மரு முளைத்தது. கொசுக்கடி என்றுதான் முதலில் விட்டுவிட்டோம். சில வாரங்களில் அது சொரசொரத்து, மிளகு அளவுக்குத் தடித்துவிட்டது. தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பில் அவன் பக்கத்தில் உட்காரும் பிள்ளை, "உன் அழிப்பானை நான் தொட மாட்டேன்" என்று சொன்ன அன்றுதான் விரலை என்னிடம் காட்டினான். அதுவரை அந்தக் கையைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அம்மா சுண்ணாம்பு என்றார். மருந்துக்கடையில் மருவை உறையவைக்கும் குப்பி ஒன்று விற்கிறது என்றார் கணவர். எதிர்வீட்டு அக்கா, "பிள்ளைகளுக்கு அது தானாக உதிர்ந்துவிடும், அதைப் போட்டு நோண்டாதே" என்றார். பேச்சு அதோடு நிற்கவில்லை. அம்மா தன் குதிகாலைத் தூக்கிக் காட்டினார். ஆறு மாதமாக 'ஆணி' என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த இடம் அது. கணவர் தன் கழுத்தைத் தடவியபடி, "இதற்கும் சேர்த்து ஒரே மருந்தாக வாங்கிவிடலாமே" என்றார்.

ஒரே வீட்டில் மூன்று பேர். கடைசியில் மூவருக்கும் மூன்று வேறு வழிகளைத்தான் தேர்ந்தெடுத்தோம். எந்த மருந்து வீரியமானது என்று தேடுவதற்கு முன், யாருடைய மரு, உடம்பில் எந்த இடத்து மரு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதி முடிவு அங்கேயே வந்துவிடும்.

முதலில் அது மருதானா என்று பார்க்க வேண்டும். தமிழில் 'மரு' என்ற ஒரு சொல்லுக்குள் பல வேறு பொருள்களைப் போட்டு வைத்திருக்கிறோம். வைரஸால் வரும் மரு கெட்டியாக, பூக்கோசின் மேற்பரப்பு போலச் சொரசொரப்பாக இருக்கும். விரல் ரேகை அதன் மேல் ஓடாது. ஓரத்தில் வந்து முறிந்துவிடும். உற்றுப் பார்த்தால் உள்ளே கருப்புப் புள்ளிகள் தெரியும். பலர் அவற்றை 'வேர்' என்று எண்ணி ஊசியால் பிடுங்கப் பார்க்கிறார்கள். அவை வேரே அல்ல. மருவுக்குள் வளர்ந்த நுண்ணிய இரத்தக்குழாய்களில் உறைந்துபோன இரத்தம்தான் அப்படிக் கருப்பாகத் தெரிகிறது.

கணவரின் கழுத்தில் இருந்தவை வேறு. மெத்தென்று, மெல்லிய காம்பில் தொங்கும் சதைத் துணுக்குகள். அவற்றுக்கும் வைரஸ் மருவுக்கான மருந்துக்கும் சம்பந்தமே இல்லை. மருவைக் கரைக்கும் அமிலத்தை அங்கே வைத்தால் கழுத்து வெந்துபோகும். உடல் பருமன் கூடியவர்களுக்கும், இரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியவர்களுக்கும் இப்படித் துணுக்குகள் வருவது அதிகம். அதனால் அவருக்கு நான் சொன்ன மருந்து, ஒரு சர்க்கரைப் பரிசோதனை. நம்மவர்களின் கன்னத்தில் நடுவயதில் பொட்டுப் பொட்டாக வரும் சிறு கருப்புப் புடைப்புகளும் இந்த வைரஸ் மரு அல்ல. பிள்ளைகளுக்கு முத்துப்போல வழவழப்பாக, நடுவில் சிறு குழியோடு கொத்தாக வருவதும் இதுவன்று. அது வேறொரு வைரஸின் வேலை. குதிகாலில் ஆணியா மருவா என்ற சந்தேகம் வந்தால், நேராக அழுத்தினால் அதிகம் வலிப்பது ஆணி. இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் அதிகம் வலிப்பது மரு. இது கண்டிப்பான விதி இல்லை, ஆனால் நல்ல அடையாளம்.

மருவுக்குக் காரணம் எச்பிவி எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். இந்தப் பெயரைக் கேட்டவுடன் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பதறிப்போகிறார்கள். 2019 முதல் சிங்கப்பூரில் உயர்நிலை ஒன்று மாணவியருக்குப் பள்ளியிலேயே எச்பிவி தடுப்பூசி போடுகிறார்கள் அல்லவா, அது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வகைகளைத் தடுக்க. இந்த வைரஸில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. விரலிலும் பாதத்திலும் மருவை உண்டாக்குபவை வேறு வகைகள். அவை புற்றுநோயில் கொண்டுபோய் விடுபவை அல்ல. சிறு கீறல் வழியாக உள்ளே நுழையும் வைரஸ், மேல்தோலிலேயே தங்கி அதைத் தடிக்க வைக்கிறது. இரத்தத்துக்குள் போவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைப் பல மாதங்கள் கண்டுகொள்வதும் இல்லை. ஆகவே எந்த வைத்தியமாக இருந்தாலும் அது செய்வது இரண்டில் ஒன்று: தடித்த தோலை அடுக்கடுக்காக உரிப்பது, அல்லது அந்த இடத்தைச் சீண்டி எதிர்ப்புச் சக்தியை எழுப்பிவிடுவது.

எதிர்வீட்டு அக்கா சொன்னதை நான் முதலில் அலட்சியமாகத்தான் கேட்டேன். பிறகு படித்துப் பார்த்தபோது அவர் பக்கம் நியாயம் நிறைய இருந்தது. நெதர்லாந்தில் சுமார் 1,100 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பிள்ளைக்கு மரு இருந்தது. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் எல்லா மருவும் மறைந்துவிட்டன. வயது குறைந்த பிள்ளைகளுக்கும், வெள்ளையர் அல்லாத தோல் கொண்ட பிள்ளைகளுக்கும் இன்னும் விரைவாகப் போயின. அதே குழுவினரின் இன்னோர் ஆய்வு, மரு பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களிடமிருந்தும் வகுப்புத் தோழர்களிடமிருந்தும் ஒட்டுகிறது என்றது. நீச்சல் குளம் போன்ற பொது இடங்களைப் பெரிய காரணமாக அது காட்டவில்லை. மரு இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையை நீச்சல் வகுப்பிலிருந்து நிறுத்த வேண்டியதில்லை. நீர் புகாத பிளாஸ்டர் ஒன்று ஒட்டி அனுப்புங்கள். துண்டை மட்டும் தனியாக வையுங்கள்.

ஆகவே சும்மா விட்டுவிடுவதும் ஒரு முறையான தேர்வுதான். வலியில்லாத, சிறிய, ஒன்றிரண்டு மருவோடு இருக்கும் பிள்ளைக்கு நான் இதையே முதலில் சொல்வேன். பெரியவர்களுக்கு, அதுவும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் மருவுக்கு, இதை நம்பி உட்கார முடியாது. என் மகனுக்கும் இது பொருந்தவில்லை. எழுதும்போது வலித்தது. போதாததற்கு அவன் நகம் கடிக்கிறவன். அப்படிக் கடித்தால் மரு நகக்கண்ணுக்கும் உதட்டுக்கும் பரவும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையை ஒளித்து வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் ஓராண்டு பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால் சாலிசிலிக் அமிலத்துக்கு வந்தோம். மருந்துக்கடையில் மருந்தாளரிடம் கேட்டால் கிடைக்கும்; சுமார் 17 விழுக்காடு அமிலம் கலந்த, நகப்பூச்சுக் குப்பி போலச் சிறு தூரிகையோடு வரும் திரவம். தடித்த பாதத்துக்கு 40 விழுக்காட்டுப் பிளாஸ்டரும் உண்டு. மருத்துவ ஆதாரங்களைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பாய்வு ஒன்று 2012இல் வெளியானது; அது பல மருத்துவச் சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மருந்தில்லாத வெறும் பூச்சைப் போட்டவர்களைவிட அமிலம் போட்டவர்களில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பேருக்கு மரு நீங்கியது. பெரிய அற்புதம் இல்லைதான். ஆனால் வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதற்கு இருக்கும் அளவு உறுதியான ஆதாரம் வேறு எதற்கும் இல்லை.

இந்த மருந்து பலிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் மருந்து காரணமில்லை, பூசும் முறைதான் காரணம். நாங்கள் செய்வதை அப்படியே சொல்கிறேன். இரவு எட்டரை மணிக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர். மகன் விரலை அதில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கதைப்புத்தகம் படிப்பான். ஊறியதும் மருவின் மேல்தோல் வெள்ளையாக, நனைந்த அப்பளம் போலத் தொளதொளத்துவிடும். நகம் தேய்க்கும் அட்டைப் பட்டையை எடுத்து அந்த வெள்ளைத் தோலை மட்டும் மெதுவாகத் தேய்த்து எடுப்பேன். வலிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுவேன். இரத்தம் வரும்வரை தேய்க்கவே கூடாது. அந்தப் பட்டையை வேறு எதற்கும், வேறு யாருக்கும் பயன்படுத்துவதில்லை. பிறகு விரலை நன்றாகத் துடைத்து, மருவைச் சுற்றிலும் நல்ல தோலின் மேல் வாசலின் தடவுவேன். கடைசியில் ஒரே ஒரு சொட்டு மருந்து, மருவின் நடுவில். ஈதர் வாடை குப்பென்று அடிக்கும். காய்ந்து வெள்ளை ஏடாகப் படிந்ததும் பிளாஸ்டர். இந்த மருந்து எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் சாமி மாடத்தில் விளக்கு எரியும் நேரத்தில் அதன் அருகே வைத்துப் பூசாதீர்கள். மூடியைத் திறந்து போட்டாலும் நம் ஊர் வெயிலுக்குக் குப்பியிலேயே பிசினாக இறுகிவிடும்.

இப்படி ஒரு நாள் விடாமல் மூன்று மாதம். பெரும்பாலோர் மூன்றாம் வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அப்போது மரு முன்பைவிட அசிங்கமாகத் தெரியும். நான்காம் வாரத்தில் என் மகனுக்கும் சுற்றுத்தோல் சிவந்து எரிந்தது. மூன்று நாள் நிறுத்தி, வெறும் வாசலின் மட்டும் போட்டு, எரிச்சல் அடங்கியபின் மறுபடி தொடங்கினோம். அப்படி இடையில் நிறுத்துவது தோல்வியில்லை.

டேப் ஒட்டும் வைத்தியத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2002இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், சாம்பல் நிறத் துணி டேப்பை ஆறு நாள் ஒட்டி, ஏழாம் நாள் பிரித்துத் தேய்த்தவர்களில் 85 விழுக்காட்டினருக்கு மரு போயிற்று. உறையவைத்தவர்களில் 60 விழுக்காடு. உலகமே டேப் வாங்கியது. அடுத்து நெதர்லாந்தில் 103 பிள்ளைகளிடம் சோதித்தபோது டேப்பில் 16 விழுக்காடு, ஒப்பீட்டுக்காக மருவைத் தொடாமல் சுற்றிலும் வெறும் வளையம் ஒட்டியவர்களில் 6 விழுக்காடு என்று சுருங்கிவிட்டது. 2007இல் பெரியவர்களிடம் நடந்த சோதனையில் வேறுபாடே இல்லை. நம் புழுக்கத்தில் அது மதிய உணவு இடைவேளைக்குள் கழன்று விழுந்துவிடும் என்பது வேறு. தீங்கில்லாதது, வலிக்குப் பயப்படும் சின்னப் பிள்ளைக்கு ஒட்டிப் பார்க்கலாம்.

உறையவைப்பதில்தான் நம்மவர்கள் நின்று யோசிக்க வேண்டும் என்பேன். மருத்துவர் பயன்படுத்துவது திரவ நைட்ரஜன்; அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி. மருந்துக்கடைக் குப்பியில் இருப்பது டைமெதில் ஈதரும் புரோப்பேனும் கலந்த வாயு. அது மைனஸ் 57 டிகிரி அளவுக்கே இறங்கும். அந்தக் குளிரும் முழுதாகத் தோலுக்குள் போய்ச் சேராது. பெயர் ஒன்று என்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துப் பணம் கொடுக்காதீர்கள். நெதர்லாந்தில் 250 பேரிடம் நடந்து 2010இல் வெளியான சோதனையில், கையிலும் உடம்பிலும் வரும் சாதாரண மருவுக்கு 13 வாரத்தில் திரவ நைட்ரஜன் 49 விழுக்காட்டினருக்கும், சாலிசிலிக் அமிலம் 15 விழுக்காட்டினருக்கும் பலன் கொடுத்தது. ஒன்றும் செய்யாதவர்களில் 8 விழுக்காட்டினருக்குத் தானே போனது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மருத்துவரகத்தில் வைத்து உறையவைத்தால் கிடைத்த கணக்கு அது. கடைக் குப்பிக்கு அந்த 49ஐச் சொந்தம் கொண்டாட உரிமையில்லை. அதே சோதனையில் பாத மருவுக்கு மூன்று வழிகளிடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 49ஐப் பார்த்து, பிறகு ஏன் மகனை நேரே மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை என்று கேட்பீர்கள். என் நாத்தனாரின் புறங்கையைப் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் மரு உறைந்து உதிர்ந்தது. அந்த இடத்தில் ஒரு காசு அளவுக்கு வெள்ளைத் தழும்பு இன்றும் இருக்கிறது. வெண்புள்ளியோ என்று பார்க்கிறவர்கள் கேட்கும்போதெல்லாம் அவர் கையை இழுத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். தோலுக்கு நிறம் தரும் செல்கள் குளிருக்கு மிகவும் எளிதில் மடிந்துவிடுபவை. மைனஸ் 4 முதல் 7 டிகிரியிலேயே அவை சிதையத் தொடங்கும்; மற்றத் தோல் செல்கள் மைனஸ் 20, 30 வரை தாங்கும். மருவை அழிக்கும் குளிர், நிறத்தை அதற்கு முன்பே அழித்துவிடலாம். வெள்ளைத் தோலில் இது கண்ணுக்குத் தெரியாது. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் ஆண்டுக்கணக்கில் தெரியும். எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் முகத்துக்கு அருகிலோ புறங்கையிலோ உறையவைக்கும் முன், நிறம் போகுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். அமிலம் பலிக்காவிட்டால் நாங்களும் நைட்ரஜனுக்குப் போவோம். விரலின் உட்பக்கம் என்பதால் தழும்பு அதிகம் தெரியாது. முதலடியாக அதை எடுத்து வைக்க நான் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

இனி அம்மாவின் சுண்ணாம்பு. "வெற்றிலைச் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைத்தால் மூன்றே நாளில் விழுந்துவிடும்மா. உனக்கு நான்தானே வைத்தேன்" என்றார். வைத்தார்தான். எனக்குப் பத்து வயது. மரு விழுந்தது, அதோடு முழங்காலில் என் கட்டைவிரல் அகலத்துக்குத் தோலும் வெந்து விழுந்தது. பளபளவென்று சுருங்கிய அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் அவர் அம்மா சொல்லிக் கொடுத்ததுதான். ஆனால் அந்தக் குழைவில் என்ன நடக்கிறது என்பதைப் பள்ளி வேதியியலே சொல்லிவிடுகிறது. நீரில் சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் சேர்ந்தால் உருவாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது அடைத்த சாக்கடைக் குழாயைத் திறக்க ஊற்றும் காஸ்டிக் சோடா. மருவை அது கரைக்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

எருக்கம்பாலும் அப்படித்தான், அது பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் கருவிழி பாதிக்கப்படும். பச்சைப் பூண்டை அரைத்து இரவு முழுவதும் கட்டினால் கொப்புளம் வரும். ஆப்பிள் வினிகரில் அசிட்டிக் அமிலம் சுமார் 5 விழுக்காடுதான் என்றாலும், பஞ்சில் நனைத்து மணிக்கணக்கில் கட்டிவைத்ததால் தோல் வெந்தவர்கள் உண்டு. வாழைப்பழத் தோல் ஒன்றும் செய்யாது, கெடுக்கவும் கெடுக்காது. அம்மா வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்து மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருக்கிறார். பேரனுக்காக அவர் வேண்டிக்கொள்வதில் எனக்கு மனநிறைவுதான்.

அம்மாவின் குதிகாலுக்கு மட்டும் வீட்டில் எதையும் தொட விடவில்லை. அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு. சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் மருந்துக்கடையில் மரு மருந்து வாங்கும்போது அதை நினைக்கிறோமா? அந்தக் குப்பியின் தாளிலேயே நீரிழிவு உள்ளவர்கள், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்கள் பயன்படுத்தக் கூடாது என்று போட்டிருக்கும். உணர்ச்சி மங்கிய பாதத்தில் அமிலம் எரிவது தெரியாது. புண் ஆழமாகி, சீழ் பிடித்தபின்தான் தெரியும். அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்கு அம்மாவை அழைத்துப் போனேன். மேலே இருந்த காய்ப்பைச் சீவியதும் கருப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஆணி இல்லை, மருதான். பாத மருவுக்கு மருத்துவரின் உறையவைப்பையும் 50 விழுக்காட்டு அமிலத்தையும் 240 பேரிடம் ஒப்பிட்டு 2011இல் பிரிட்டனில் வெளியிட்ட சோதனையில், 12 வாரத்தில் இரண்டு வழியிலும் 14 விழுக்காட்டினருக்குத்தான் முழுக் குணம் கிடைத்தது. அதனால் அவசரப்பட வேண்டாம், காய்ப்பைச் சீவிக்கொண்டு கண்காணிக்கலாம் என்று முடிவாயிற்று. தேவைப்பட்டால் அங்கிருந்தே தேசியத் தோல் மருத்துவ நிலையத்துக்குக் கடிதம் கொடுப்பார்கள். அப்படிப் போனால் கட்டணக் கழிவும் கிடைக்கும்.

இன்னும் சிலரும் வீட்டு வைத்தியத்தை விட்டு நேரே மருத்துவரிடம் போக வேண்டும். முகத்திலோ பிறப்புறுப்பிலோ மரு உள்ளவர்கள், நகத்துக்கு அடியில் வந்தவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின்னோ வேறு காரணத்துக்கோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கருவுற்றிருப்பவர்கள். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வந்தால் அது உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் அதிகம் தோன்றும். ஆகவே நிறம் மாறுகிற, தானாக இரத்தம் கசிகிற, ஓரம் கோணலாக விரிகிற எதையும் 'மரு' என்று பெயர் வைத்து வீட்டில் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

மரு போய்விட்டதா என்பதை உயரம் குறைந்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். தட்டையானதும் மருந்தை நிறுத்தினால் அடியில் மிஞ்சியது மறுபடி கிளம்பும். ரேகையைப் பாருங்கள், விரல் ரேகை முறியாமல் அந்த இடத்தைக் கடந்து ஓட வேண்டும். நேற்று பத்தாம் வாரம் முடிந்தது. மேசை விளக்கின் கீழ் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ரேகை முக்கால் பங்குக்குத் திரும்பி வந்துவிட்டது. நகத்தின் பக்கத்து மூலையில் மட்டும் இரண்டு கருப்புப் புள்ளிகள். "இன்னும் ரெண்டே ரெண்டும்மா" என்று மகனே எண்ணிச் சொல்லிவிட்டு, கிண்ணத்தில் நீர் பிடிக்கப் போனான்.